சூரியன் ஏன் ஆறவில்லை

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதை எழுத எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. எழுதாமல் விட்டால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அவளுடைய அப்பா மானிப்பாய் வீதியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். என் அப்பாவுக்கு வங்கியில் வேலை. கொக்குவிலில் மதில் கட்டிய வீடு, படிக்கத் தனி அறை, மூன்று இடத்தில் ரியூசன் எல்லாம் எனக்கு இருந்தன. அவள் போனது ஒரே ஒரு ரியூசனுக்கு. பௌதிகவியலில் எப்போதும் அவளுக்குத்தான் கூடப் புள்ளி. படிக்காமல் எடுக்கிறாள், அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் படித்துத்தான் எடுத்தாள்.

மாவட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரைக் கேட்டார்கள். சூரியன் எப்படி எரிகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்படி ஐந்து நிமிடம் பேச வேண்டும். நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். இந்த ஒரு தடவையாவது அவளை முந்த வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வகுப்பில் நடக்கவிருந்த தெரிவுக்கு முதல் நாள், சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன்.

"நீ என்னடி சொல்லப் போறாய்?"

"பம்பைக் காட்டப் போறன். எங்கட கடைப் பம்ப். ரயருக்குக் காத்தடிக்கேக்க அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார், சுடும். காத்தைப் போட்டு அமத்தினா சூடாகும். சூரியனும் முதல்ல அப்பிடித்தான். பெரிய வாயுமேகம் ஒண்டு தன்ர பாரத்தில தானே உள்ளுக்க விழுந்து, அமந்து, சூடாகினது."

அவள் அதற்கு மேலும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று வயிறு எரிந்துகொண்டிருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் ரியூசனில் தந்த அச்சடித்த தாள். மையத்தில் ஒன்றரைக் கோடி பாகை வெப்பம், மேற்பரப்பில் ஐயாயிரத்து ஐந்நூறு. பாடமாக்கி வைத்திருந்தேன்.

அடுத்த நாள் அண்ணையின் பம்பைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பெயர் கூப்பிடும் இடாப்பில் என் பெயர்தான் முதலில். அவளைப் பார்க்காமல் எழும்பிப்போய், பம்பின் வாயை விரலால் அடைத்து, இருபது தரம் அடித்தேன். முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் தொட்டுப் பார்த்து "ஆ, சுடுதடி" என்றார்கள். வகுப்பே சிரித்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பௌதிகவியல் ரீச்சரும் தொட்டுப் பார்த்தார்.

"நல்லம் பிள்ளை. உம்மட கை ஓய்ஞ்சால் இது ஆறிப்போகும். சூரியன் இப்ப உள்ளுக்க விழுந்துகொண்டே இருக்குது? இல்லையே. அப்ப ஏன் உது இன்னும் ஆறேல்லை?"

ஐதரசன் ஈலியமாக மாறுவது எனக்குத் தெரியாததா? மனப்பாடம். ஆனால் பம்பையும் அதையும் எங்கே முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை. களவெடுத்தது பாதியைத்தான். பம்ப் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்தது அவள். தன் பம்பை வாங்கின் கீழேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

"ரீச்சர், அவ விட்ட இடத்திலயிருந்து நான் தொடங்குறன். அமத்துறது நெருப்பு மூட்டத்தான். ஐதரசன் கருக்கள் ஒண்டையொண்டு கிட்ட விடாது. மையம் ஒரு கோடி பாகைக்கு மேல சூடானாப் பிறகுதான் முட்டி ஒட்டும். ஒட்டி ஈலியமாகேக்க கொஞ்சத் திணிவு குறையும். அந்தக் குறைஞ்சதுதான் எங்களுக்கு வாற வெயில். அந்தச் சூடு வெளியில தள்ளும், பாரம் உள்ளுக்க அமத்தும். ரெண்டும் சரிக்குச் சரி. அதால விழுறது நிண்டுபோச்சு."

"அப்ப ஏன் குண்டு மாதிரி ஒரேயடியா வெடிக்கேல்லை?" பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கூட எரிஞ்சா ஊதும். ஊதினா மையம் ஆறி, எரியிறது குறையும். குறைஞ்சா பாரம் திரும்ப அமத்தும், திரும்பச் சூடாகும். தன்னைத் தானே பாத்துக்கொள்ளும். ஆரும் பக்கத்தில நிக்கத் தேவையில்லை."

அவளைத் தெரிவு செய்தார்கள். வேறு யாரைச் செய்வார்கள்?

நான் களவெடுத்ததை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும். பள்ளிக்கூட வாசலில் வந்து கேட்டாள்.

"பம்ப் ஆரின்ரை?"

"அண்ணையின்ரை."

"கைப்பிடி ஆடுது. கேட்டிருந்தா எங்கட கடையில நல்லதொண்டு தந்திருப்பனே."

சிரித்தாள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

கண்காட்சிக்கு நானும் போனேன். வாழ்த்தப் போகவில்லை. அவள் எங்காவது தடக்குப்பட வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன். கூட்டத்தின் பின்னால் நின்றேன். கண்ணாடி போட்ட ஒருவர், மையத்தில் பிறக்கிற வெளிச்சம் மேற்பரப்புக்கு வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார். அவள் யோசித்தாள். இதோ தடக்குப்படப் போகிறாள் என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"எனக்கு வடிவாத் தெரியாது ஐயா. நேரா வராது, முட்டி முட்டித்தான் வரும், அது தெரியும். மிச்சத்தைப் பாத்துச் சொல்லுறன்."

அவர் தலையாட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். தெரியாது என்று சொல்லிக்கூட அவளால் கைதட்டு வாங்க முடிந்தது.