தண்ணீர் பட்ட சேலை

மஞ்சிட்டி வேரில் சிவப்புச் சாயம் எடுப்பது லேசான காரியம் இல்லை. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். படிகாரத் தண்ணீரில் முக்கி மறுபடியும் காயவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேரோடு அடுப்பேற்றுவது. தளதளவென்று கொதிக்க விட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும். என் தங்கை அந்த அடுப்புப் பக்கம் என்னை விடவே மாட்டாள். "ஒனக்குப் பொறுமை கெடையாதுக்கா, அங்கிட்டுப் போ" என்பாள். உண்மைதான், பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது.

கீரனூர்ப் பக்கம் எங்கள் பிறந்த வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நாங்கள் இருவரும் இந்தத் தொழிலை நடத்தினோம். நாங்கள் போடுவதையெல்லாம் சென்னையில் ஒரு ஃபேஷன் கடை எடுத்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் சேலை, எங்களுக்கு நைட்டி. கடைச் சாயம் ஒரு சிட்டிகை கலந்தால் நிறம் தூக்கும் என்று ஒருதரம் சொல்லிவிட்டேன். "அந்தத் தண்ணி எங்க போவும்? நம்ம கெணத்துக்குத்தான?" என்று எரிந்து விழுந்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் முதன்முதலாகத் தனக்கென்று கேட்டாள்.

"எனக்கு ஒரு மஞ்சிட்டிச் சேலை போட்டு வையிக்கா. வீட்டுக்கு வந்ததும் கட்டிக்கிறேன்."

போட்டேன். அடுப்பை விட்டு நகரவில்லை. உலர்ந்ததும் படம் எடுத்து அனுப்பினேன். "நீயா போட்ட?" என்று ஃபோனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் வீட்டுக்கு வரவில்லை. குன்றாண்டார்கோவில் பக்கம் இருந்த அவள் புருஷன் வீட்டுக்கு உடம்பைத்தான் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பிறந்த வீட்டுக் கோடி நாங்கள் போட வேண்டும். புதுச் சேலை, கடைசியாக அவள் உடுத்திப் போவது. எதை எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. தட்டில் வைத்த மஞ்சிட்டிச் சேலையைப் பெரியப்பா விரலால் தடவிப் பார்த்தார்.

"கடைத்துணி மாதிரி இல்லையே?"

"நாங்க சாயம் போட்டது பெரியப்பா."

"அப்ப தண்ணி பட்டிருக்குமே?"

"யாரும் கட்டலைங்க. அவளுக்குன்னே போட்டது."

"கட்டலை, சரித்தா. நனைஞ்சிருச்சுல்ல? தண்ணி பட்டா பழசு. கோடியாகாது. பொறந்த வீட்டுல பழசப் போட்டாகன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

கெட்ட மனிதர் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். கடைச் சேலைக்கு மட்டும் மில்லில் நெருப்பிலா சாயம் போடுகிறார்கள்? கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு போய், பிளாஸ்டிக் கவரில் ஒரு சிவப்புப் பாலியெஸ்டர் சேலை வாங்கிவந்தான். பெரியப்பா தலையாட்டினார். எங்கள் சேலையை நான் மடியில் வைத்துக்கொண்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

குளிப்பாட்டி, காலுக்கு மஞ்சள் பூசி, உடம்பு ஈரம் காயும் முன்பே கோடியைப் போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அதன் சாயம் இறங்க ஆரம்பித்தது. கணுக்காலில், விரல் இடுக்கில், பாதத்து மஞ்சள்மேல் எல்லாம் ரோஸ் நிறத்தில் வழிந்தது.

"நலங்கு வச்ச மாதிரி இருக்கு பாருங்க, புண்ணியவதி" என்று அவள் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

என்னால் பார்க்க முடியவில்லை. மடியிலிருந்த சேலையைப் பிரித்து அதன் முந்தானையால் அவள் கால்களைத் துடைத்தேன். விரல் விரலாகத் துடைத்தேன். பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கென்று போட்ட சேலை அவள் உடம்பில் பட்டது அந்த ஒருதரம்தான்.