பெர்பெத்துவா அக்காவின் பகல் சாப்பாடு

மணிலாவை ஒட்டிய பாசாயில், எங்கள் சந்தில் சாக்கடை ஓடாத நாள்கூட உண்டு. யாரையும் சாப்பிடக் கூப்பிடாத நாள் கிடையாது. வாயில் சோறு இருக்கும்போது எவர் குறுக்கே போனாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லியாக வேண்டும். அவர் "இருக்கட்டும், இப்பதான் சாப்பிட்டேன்" என்று நடையைக் கட்ட வேண்டும். உண்மையாகவே உட்கார வைக்க ஆசைப்பட்டால் இரண்டாம் தடவையும் கூப்பிடுவோம். இதில் யாரும் ஏமாந்ததில்லை, நார்வேயிலிருந்து ஆஸ்முண்ட் வரும்வரை.

என் முடிவெட்டும் கடைக்கு எதிர்வீடு பெர்பெத்துவா அக்காவுடையது. ஐம்பத்தெட்டு வயது. கணவர் கப்பல் வேலைக்குப் போனார். கப்பல் மட்டும் திரும்பி வந்தது. அக்கா அழுது முடித்த கையோடு மாடியில் ஆறு அடுக்குக் கட்டில்களைப் போட்டு, முதுகில் மூட்டை சுமந்து வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். மூட்டைப்பூச்சி உண்டு, மின்விசிறி ஒன்று உண்டு. மலிவு என்றால் நரகத்துக்கும் வரிசையில் நிற்கும் கூட்டம் அது. கட்டில்கள் காலியாகக் கிடந்ததே இல்லை.

அக்காவுக்குச் சர்க்கரை. பதினொன்றரைக்கு மாத்திரை, பன்னிரண்டுக்குச் சோறு. மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் மயங்கி விழுவீர்கள் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அந்த மாடியில் தங்க வந்தவன்தான் ஆஸ்முண்ட். முதல் நாள் பன்னிரண்டு மணிக்குப் படியிறங்கி வந்தான். அக்கா முன்னால் சோறும் புளிக்குழம்பில் ஒரு மீன்தலையும். "வா தம்பி, சாப்பிடலாம்" என்றார். அவன் உட்கார்ந்தான். அதோடு விட்டானா? அக்கா மரியாதைக்கு "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றதும் சட்டியையே காலி செய்தான். பிறகு தன் நோட்டில் எதையோ எழுதிச் சிரித்தான். இந்த ஊர் மக்களின் அன்பைப் பற்றி என்று விசாரித்ததில் தெரிந்தது.

மறுநாள் அக்கா இரண்டு தலை சமைத்தார். பையன் இரண்டையும் முடித்தான். மூன்றாம் நாளிலிருந்து பன்னிரண்டு அடித்தால் தட்டோடு வந்து நின்றான். அக்கா ரொட்டித் துண்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டு அவனை வேடிக்கை பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, கூப்பிடாம இருந்தாத்தான் என்ன?"

"முன்னாடி ஒருத்தன் நிக்கும்போது கூப்பிடாம எப்படிடா திங்கறது? நீ திம்பியா?"

"அப்ப உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டுத் தின்னுங்க."

"திருடியா நான்?"

எனக்கும் பழக்கம் விடாமல், அவன் என் கடை வழியாகப் போனபோது வாயில் இருந்த வாழைப்பழத்தோடு கூப்பிட்டுத் தொலைத்தேன். மீதிச் சீப்பு போனது.

ஆறாம் நாள் ரொட்டியும் தீர்ந்திருந்தது. அக்கா மாத்திரையைப் போட்டுக்கொண்டார், பரிமாறினார், அவன் தட்டுக்குப் பக்கத்திலேயே சரிந்தார். ஓடிப்போய் நான்தான் பெஞ்சில் கிடத்தி நாக்கில் சர்க்கரையைத் தேய்த்தேன். "சோறு இல்லாம விழுந்துட்டாங்கடா, ஓடு" என்று முனைக் கடையைக் காட்டினேன். அவன் செருப்பில்லாமல், கலங்கிய கண்ணோடு ஓடினான். அந்த நிமிஷம் அவனைப் பிடித்திருந்தது.

இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி, ஆவி பறக்க ஒரு கிண்ணம் வாங்கி வந்தான். அக்கா கண் திறந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்முண்ட் பக்கத்தில் அமர்ந்து கிண்ணத்தை நீட்டி, எங்கள் பாஷையில் தனக்குப் பிழையில்லாமல் பேச வரும் ஒரே வாக்கியத்தை அழகாகச் சொன்னான்: "வாங்க, சாப்பிடலாம்."

அக்காவின் உதடு வெளுத்திருந்தது. ஆனால் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "இருக்கட்டும் தம்பி, இப்பதான் சாப்பிட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவன் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம். நிம்மதியாக மூச்சு விட்டு, கரண்டியை எடுத்துக் கஞ்சியைக் கிளறி ஊதினான்.

அக்கா அந்தக் கரண்டி கிண்ணத்திலிருந்து அவன் வாய்வரை போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஐம்பத்தெட்டு வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கிண்ணத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினார்.

பாதிக் கஞ்சி உள்ளே போன பிறகுதான் அக்காவுக்குப் பேச்சு வந்தது.

"இன்னொரு தடவ கேட்டா உனக்கு என்னடா குறைஞ்சிடும்?"