பின்னுக்கு ஒரு சாண்

அம்மருட்டில் குலேந்திரன் அண்ணை வீட்டில் இரண்டு வருசம் ஓர் அறை எடுத்து இருந்தேன். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. "தக்சன்ர விளையாட்டு ஹெல்மெட் தொங்கினது. பெர்கனுக்குப் போகேக்க அதையும் கொண்டு போட்டான்," என்றார். தக்சன் அவருடைய ஒரே மகன். அந்த ஆணியில் என்னுடைய பட்டமளிப்புப் படத்தை என்னிடம் வாங்கி மாட்டினார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயசு. குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. உடைந்த கதவுப்பூட்டு, எரியாத பல்ப், குளிர்காலத்தில் வாசல் பனி. மனைவி இறந்து ஆறு வருசம். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் கதைத்தது குறைவு. எனக்குப் படிப்பும் வேலையும். அவருக்குச் சனிக்கிழமை.

சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் போவார். பார்க்க என்று சொல்வது பிழை, எழுதத்தான் போவார். பெயர்தான் கால்பந்து. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையால் எறிந்து விளையாடுவார்கள். தக்சன் விளையாடின காலத்தில் கழகம் இவருக்கு டுக்னாட் போட்டது. பிள்ளை விளையாடினால் தாய் தகப்பன் சம்பளமில்லாமல் ஏதாவது செய்து கொடுக்கவேணும், இந்த நாட்டு வழக்கம் அது. மற்றத் தகப்பன்மார் வாஃபிள் சுட்டார்கள். இவர் சுட்டது கருகிப்போக, தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து, எறிகிறவன் எத்தனை எறிகிறான், எத்தனை பிடிபடுகுது என்று எழுத விட்டார்கள். இரண்டு வருசத்தில் தக்சன் விளையாட்டை விட்டான், பிறகு வீட்டையும். "டுக்னாட் முடிஞ்சுதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்று சிரிப்பார் அண்ணை. அப்படியே பதினொரு வருசம்.

அந்தத் தாளில்தான் விருதும் நின்றது. மாணவர் அணிகளில் சிறந்த குவாட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு, வருசம் ஒருமுறை கொடுக்கிற விருது. எவன் எறிந்த பந்து அதிக தடவை எதிராளியின் எல்லையைத் தாண்டுதோ, அவனுக்கு.

போன வருசம் அதுக்குக் கிட்ட நின்றவன் கீர்த்தனன். ஸ்டோவ்னர் பெடியன், இஞ்சை பிறந்தவன். ஆட்டம் முடிய அண்ணையைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். ஒரு கிழமையில் அண்ணை வாய் ஓயாமல் தமிழ் கதைக்கிறது அந்த இருபது நிமிசம்தான். மேலே ஏறி வந்தும் சிரிப்பு அடங்காது. "மாமா, உங்கட எழுத்து டொக்டர்ர மருந்துத் துண்டு மாதிரிக் கிடக்கு எண்டுறான், பாருமன்."

கடைசி ஆட்டத்துக்கு நானும் போனேன். அதுவரை கீர்த்தனன் எறிந்து எல்லை தாண்டினது பதினெட்டு. த்ரொண்ஹைமில் ஒருவனும் பதினெட்டு, அவனுடைய ஆட்டங்கள் முடிந்துவிட்டன. சமமாக நின்றால் பிழைத்த எறி குறைந்தவனுக்குத்தான் விருது. அது த்ரொண்ஹைம்காரன்.

ஒரே மழை. கடைசி நிமிசத்தில் கீர்த்தனன் பக்கத்தில் நின்ற கூட்டாளிக்குப் பந்தை எறிந்தான். அவன் அரை மைதானம் ஓடி எல்லையைத் தாண்டினான். கீர்த்தனனை எல்லோரும் தூக்கிக் கொண்டாடினார்கள்.

அண்ணையின் பென்சில் அசையவில்லை. பந்து முன்னுக்குப் போயிருந்தால் அது எறிந்தவன் பேரில். பின்னுக்குப் போயிருந்தால் ஓடினவன் பேரில். வெற்றி எப்படியும் வெற்றிதான், அதனால் நடுவருக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. எழுதுகிறவர்தான் சொல்லவேணும். அந்த இடத்துக்கு நேரே இருந்தவர் அண்ணை ஒருவர்தான்.

"பின்னுக்குப் போனது," என்றார் மெல்ல. "ஒரு சாண்."

"ஒரு சாண்தானே அண்ணை. ஆர் கண்டது?"

ஊரில் நடந்த என் பட்டமளிப்புக்கு முழங்காவிலில் இருந்து இரண்டு வான் பிடித்துச் சனம் வந்தது. மேடையில் ஒரு பெயரை வாசிப்பது அந்தப் பெயருக்குரியவனுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

"நான் கண்டனான்," என்று ஓடினவன் பேருக்கு நேரே கோடு போட்டார்.

கார் நிற்கிற இடத்துக்குக் கீர்த்தனன் ஓடி வந்தான். முகமெல்லாம் சேறும் சிரிப்பும். "பத்தொன்பது, மாமா!"

"பதினெட்டு, தம்பி."

தாளைக் காட்டினார். அவன் கனநேரம் பார்த்தான். "எனக்கு முன்னுக்குப் போன மாதிரித்தான் இருந்தது."

"இருக்கும். உனக்கு முன்னாலை நாலு பேர் பாய்ஞ்சு வந்தவங்கள். கையைப் பாக்க நேரமேது."

"அம்மா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா, மாமா."

அண்ணை தாளை மடித்தார். கீர்த்தனன் கோபப்படவில்லை. கோபப்பட்டு ரெண்டு சொல்லுச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "நான் இண்டைக்கு டீமோட போறன்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

நாங்கள் ரயிலில் வந்தோம். தாள் நனையாமல் அண்ணையின் சட்டைக்குள் இருந்தது. விருது விழாவுக்கு அவருக்கும் அழைப்பு வந்தது. போய், த்ரொண்ஹைம்காரனுக்குக் கைதட்டிவிட்டு, சாப்பிடாமல் வந்து படுத்தார்.

தை மாதம் எனக்கு ஸ்டவாங்கரில் வேலை கிடைத்தது. படத்தைக் கழற்றி, ஆணியையும் பிடுங்கப் போனேன். "அது கிடக்கட்டும்," என்றார்.

சித்திரையில் ஆட்டங்கள் திரும்பத் தொடங்கின. முதல் சனிக்கிழமை பின்னேரம் போன் எடுத்தேன்.

"எப்பிடிப் போனனீங்கள் அண்ணை?"

"ரயில். பிறகு பஸ். பிறகு நடை. சரியான மழை."

"கீர்த்தனன் கதைச்சவனே?"

அந்தப் பக்கம் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"எல்லை தாண்ட நாலு எறிஞ்சவன்," என்றார். "நாலும் முன்னுக்கு."