ஆலப்புழைக்கு ஆள் கூட்டிப் போன கதை

டூர் லீடர் என்றால் கையைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பவர் என்று நினைப்பீர்கள். உண்மையில் அவர் கடைசியில்தான் நடப்பார், ஏனென்றால் காணாமல் போகிறவர்கள் எப்போதும் வரிசையின் பின்னாலிருந்துதான் காணாமல் போகிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். மதுரையும் ராமேஸ்வரமும் பார்த்துச் சலித்துவிட்ட நம் ஜனங்களுக்குப் புதிதாக எதையாவது காட்ட வேண்டும் என்று முதலாளி கேரளாவில் ஆலப்புழை ஜில்லாவைப் பிடித்தார். கடல், காயல், படகு, கோயில், சர்ச் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிற ஊர். முதல் கோஷ்டியைக் கூட்டிப் போனவர் திரும்பி வந்ததும் சுபாங் ஏர்போர்ட்டிலேயே வேலையை விட்டுவிட்டார். அடுத்த கோஷ்டிக்கு நான். சொந்தக்காரர்களை ஒரே வேனில் அடைத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களாக நீங்கள் இருந்தால் இதை அனுதாபத்தோடு படிப்பீர்கள். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். "எனக்கு மலையாளம் தெரியாதே பாஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "வர்றவங்களுக்கும் தெரியாதும்மா. அப்புறம் யாரு கண்டுபிடிக்கப் போறா?"

வெள்ளம்

ஆலப்புழையில் முதல் சாப்பாடு. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஓட்டலுக்குப் பின்னால் கால்வாய், விளிம்பு வரைக்கும் தண்ணீர். பரிமாறுகிறவர் எங்கள் மேசைக்கு வந்து, "வெள்ளம் வேணோ?" என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். இது எனக்கும் அப்போது தெரியாது. "வெள்ளம்" என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிப் பேர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலி மேலேயே ஏறி நின்றார்.

அசையாமல் உட்கார்ந்திருந்தவர் சரோஜா அக்கா மட்டும்தான். கிள்ளானில் தையல் கடை வைத்திருப்பவர். சோற்றில் சாம்பாரைப் பிசைந்தபடியே அந்த மனிதரிடம் சொன்னார்: "வேணாம் தம்பி. கிள்ளான்ல எங்க வீட்டுக்கே வருஷா வருஷம் வருது, அதப் பாக்கவா பிளேன் ஏறி வந்தோம்?"

சட்டை

அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் பாலன் அங்கிள் என்று ஒருவர், பெட்டாலிங் ஜெயாவில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலில் தூங்கும்போதுகூட முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தவர். "நான் வெளிய நிக்கிறேன், நீங்க போங்க" என்று மதிலோரம் ஒதுங்கிவிட்டார். அவருடைய மனைவி ராஜம் ஆன்டிக்கோ இந்தக் கோயில்தான் யாத்திரையே. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கேட்டு இப்போதுதான் வந்திருக்கிறார். "அவரு வராம நானும் போகல" என்று குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

உச்சி பூஜை முடியப் போகிறது. அப்புறம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள், எங்கள் பஸ்ஸோ அதற்குள் கிளம்ப வேண்டும். நான் அங்கிளிடம் ஓடுவேன், ஆன்டியிடம் ஓடுவேன். ஈகோ பிடித்த மனிதர் என்று என் பின்னாலேயே நாலு பேர் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஆன்டியின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அங்கிள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் இடைவெளியில்லாமல் கோயோ பிளாஸ்டர்! வலிக்கு ஒட்டுவோமே, அதே சதுரம்தான். சந்தன வாசனையைத் தூக்கிச் சாப்பிடுகிற மருந்து வாசனை. முதுகு வலி போய்விட்டது, டாக்டரே போகச் சொல்லிவிட்டார் என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தெரிந்திருந்தால் ஆன்டி அன்றைக்கே டிக்கெட்டைக் கேன்சல் செய்திருப்பார்.

ஆன்டி கிட்டே போய், உரிந்து தொங்கிய ஒரு பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டார். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்தார்: "வாங்க, நட சாத்திருவாங்க. சாமி கும்புட்டு வந்து உங்களத் திட்டுறேன்."

அம்பு

அர்த்துங்கல் தேவாலயம் கடலோரத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் அம்பு தைத்த புனித செபஸ்தியார் சிலை அங்கே பிரசித்தம். செராஸில் கார் மெக்கானிக்காக இருந்த சந்திரன் அண்ணன் தைப்பூசத்துக்குத் தவறாமல் அலகு குத்திக் காவடி எடுப்பவர். சிலையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில்ல எடுத்தாரு?" என்று மரியாதையாக விசாரித்தார். இது காவடி இல்லை அண்ணே, விசுவாசத்தை விட மறுத்ததற்காக ராஜா ஆள் வைத்து அம்பு விடச் சொன்னார் என்று விளக்கினேன். அண்ணன் முகம் வாடிவிட்டது. போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "ஒண்ணும் கேக்கல லா. அவரே அவ்ளோ வலியில நிக்கிறாரு, நம்ம பிரச்சனைய வேற போய்ச் சொல்லணுமா?"

செருப்புக் காவல்

லாய் ஆன்டி சீனர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆட்களுக்கு நடுவிலேயே வளர்ந்து எங்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவார். பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா போகிறாரே என்று அவரும் கிளம்பி வந்திருந்தார். அந்தப் பக்கத்துக் கோயில்களில் இந்துக்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். அதனால் ஒவ்வொரு கோயில் வாசலிலும் லாய் ஆன்டி எங்கள் செருப்பு, கேமரா, கைப்பை எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் மன்னிப்புக் கேட்பேன். "பரவால்ல லா, கால் வலிக்குது, நல்லதுதான்" என்பார். மீனாட்சி அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு அழுத முகத்தோடுதான் வெளியே வருவார்.

அம்பலப்புழைக்குக் கிழக்கே கருமாடி என்ற இடத்தில் பஸ்ஸை நிறுத்தினோம். கால்வாய்க் கரையில் ஒரு பழைய கருங்கல் புத்தர் சிலை. ஒரு பக்கம் உடைந்துபோய்ப் பாதி உடம்போடு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஆட்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, டீக்கடை எங்கே என்று கேட்டார்கள். லாய் ஆன்டி மட்டும் இறங்கினார். கைப்பையின் அடியிலிருந்து ஒரு கட்டு ஊதுபத்தியை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். ஒரு வாசலிலும் அதை வெளியே எடுக்க வேலை வரவில்லை. ஒவ்வொருவராக எல்லோரும் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டோம். ஆன்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்: "மீனாட்சி, இன்னிக்கி எங்க சாமி. நீ என் சிலிப்பரப் பாத்துக்க. நான் மெதுவாத்தான் வருவேன்."

கல்யாண வீடு

கணபதி அங்கிள் ரயில்வேயில் இருந்தவர். மனைவி இறந்த பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்று ஷா ஆலமில் இருக்கும் மகள்தான் வற்புறுத்தி அனுப்பியிருந்தார். ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவ பத்திரமா கூட்டிட்டு வாங்க அக்கா" என்று சொல்லியிருந்தார். ஆலப்புழைப் படகுத்துறையில் நம் ஊர் பஸ் ஸ்டேஷன் மாதிரி ஏகப்பட்ட படகுகள் வரும், போகும். நாங்கள் வாடகைப் படகில் ஏறிக் காயல் நடுவுக்குப் போன பிறகுதான் அங்கிளைக் காணோம் என்று தெரிந்தது. வாழைப்பழம் வாங்கப் போனவர்.

படகைத் திருப்பச் சொன்னேன். துறையில் இல்லை. டீக்கடையில் இல்லை. போலீஸிடம் சொன்னேன், ஒவ்வொரு படகுக்காரரிடமும், தமிழையே மூக்கால் பேசுகிற என் மலையாளத்தில் கெஞ்சினேன். துறையோரத் தண்ணீரையே எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் மகளுக்குப் போன் போட்டு என்னவென்று சொல்வேன்? அதுவரைக்கும் ரூம் ஃபேன் சரியில்லை, காப்பி சரியில்லை என்று என்னைப் பிய்த்து எடுத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தேடப் போனார்கள். சந்திரன் அண்ணன் கரையோரமாக நடந்து தேடிக்கொண்டே இருந்தார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் ஒரு படகு வந்து நின்றது. நெற்றியில் சந்தனம், கையில் வாழை இலைப் பொட்டலம், வாய் நிறைய வெற்றிலை. கணபதி அங்கிள்தான்! எங்கள் படகு என்று நினைத்து ஒரு கல்யாணக் கோஷ்டியின் படகில் ஏறியிருக்கிறார். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டிருக்கிறார்கள். "மலேசியா" என்றிருக்கிறார். அப்புறம் என்ன, முதல் பந்தியில் உட்காரவைத்துப் பாயசம் வரை பரிமாறி, மணமக்கள் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோவும் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நடுத்துறையில் நின்று கத்திவிட்டேன். அவர் பொட்டலத்தை என் கையில் வைத்தார்: "ஏம்மா அழுவுற? அவங்க நாலு நாளு இருந்துட்டுப் போங்கன்னுதான் சொன்னாங்க. நாந்தான், பாவம், இந்தப் புள்ள தேடுமேன்னு கெளம்பி வந்தேன்."

அப்புறம் எத்தனையோ கோஷ்டிகளை அங்கே கூட்டிப் போய் வந்துவிட்டேன், ஆனால் ஆலப்புழை எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது, போனபோதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் ஆட்களின் தலைகளைத்தான்.