பேருந்து நிலையத்தில் நான் செய்து வைத்த சமாதானம்

அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிப்பட்டு பஸ்ஸில் திருத்தணிக்குப் போய் வருகிறான். ஆறாம் வகுப்பிலிருந்து அவனோடு ஒட்டிக்கொண்டு திரிந்த சிநேகிதன் கனகம்மாசத்திரம் பஸ்ஸில் வருகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பைக் கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். இருவரும் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திருத்தணி பேருந்து நிலையத்துக்கு வந்தேன். கிருத்திகைக் கூட்டம். அதற்கு நடுவில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு அணியாக எதிரெதிரே நின்றார்கள். முன்னால் நின்று கத்தியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

“டேய் சத்திரம்! உங்க பஸ்ஸு தானா ஓடுதா, நீங்க தள்ளிகினு வரீங்களாடா?” என்றான் என் பேரன்.

“போடா! உங்க பஸ்ல ஆடு கூட மூக்கப் பொத்திகினுதான் ஏறுதாம்!” என்றான் சிநேகிதன்.

இரண்டு பக்கமும் விசில். ஒரே ராத்திரியில் இவர்களுக்குள் என்ன வந்தது? எனக்குப் படித்தவன், பெரியவன் என்ற நினைப்பு வேறு. நடுவில் புகுந்து இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தேன்.

“நேத்துதானேடா நம்ம வீட்ல ஒண்ணா உக்காந்துகினு சாப்ட்டீங்க? இன்னிக்கு இன்னாடா சண்டை?”

சத்தம் நின்றது. சத்திரத்துப் பையன்களில் ஒருவன், “இன்னா மச்சான், விருந்தா?” என்று சிநேகிதனைக் கேட்டான்.

“இந்தத் தாத்தா யாருன்னே எனக்குத் தெரியாது” என்றான் அவன். கையை உதறிக்கொண்டு என் பேரனை ஓங்கி அறைந்தான். உதட்டில் ரத்தம். பேரனும் கை ஓங்கினான். அவனை அடிக்கத்தான் ஓங்கினானா, என்னைத் தள்ளிவிடவா என்று தெரியவில்லை. அடி என் தோளில் விழுந்தது.

பஸ்ஸில் வரும்போது பேரன் மெதுவாகச் சொன்னான்: “ஒரு பஸ் ரூட்டுப் பையன் வேற ரூட்டுப் பையனோட பழகக் கூடாது தாத்தா. தெரிஞ்சா சொந்த ரூட்டுப் பசங்களே ஒதைப்பாங்க. அதான் ரெண்டு பேரும் வெளியில திட்டிகினு இருந்தோம்.”

“அப்போ அவன் அடிச்சது நெஜமா, சும்மாவா?”

“எனக்கும் தெரியல. வுடு தாத்தா.”

அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சில நாள் பேரன் கொல்லைப் பக்கம் போய்ப் போனில் தணிந்த குரலில் பேசுகிறான். என்னைக் கண்டால் வைத்துவிடுகிறான். பேசுவது அவனோடுதான் என்றால், மறைக்க வேண்டிய ஆட்களில் நானும் ஒருவனாகிவிட்டேன். அவனோடு இல்லை என்றால், அந்தச் சிநேகத்தை முடித்து வைத்தவன் நான். எது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். “அவன் பேசறானாப்பா?”

“யாரு தாத்தா?” என்றான். முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.