ஐந்து சென்டிமீட்டரில் விழுந்த பிம்பம்

இரண்டு வருடங்களுக்கு முன், என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த சமயம். காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இயற்பியல் கணக்கு ஒன்றோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்ஜினியரிங் படித்தவன், ஐ.டி. வேலை. கூப்பிடாமலேயே போய் அருகில் உட்கார்ந்தேன்.

பத்து சென்டிமீட்டர் குவியத்தூரம் கொண்ட இரண்டு குவிலென்ஸ்கள், இருபது சென்டிமீட்டர் இடைவெளியில். முதல் லென்ஸுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் முன்னால் ஒரு பொருள். கடைசிப் பிம்பம் எங்கே விழும்?

முதல் லென்ஸ் மட்டும் இருந்தால் பிம்பம் முப்பதில் விழும். அதாவது, இரண்டாவது லென்ஸைத் தாண்டிப் பத்து சென்டிமீட்டரில். "அந்தப் பிம்பம்தான் ரெண்டாவது லென்ஸுக்குப் பொருள். பொருள் தூரத்துக்கு எப்பவும் மைனஸ். அப்போ கடைசிப் பிம்பம் இன்ஃபினிட்டில" என்றேன்.

"அது லென்ஸுக்கு அந்தப் பக்கம்ல இருக்கு? ப்ளஸ்தானேப்பா வரும்?"

"இன்ஜினியரிங் படிச்சது நீயா, நானா? சொன்னதைப் போடு."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அரையாண்டுத் தேர்வில் அதே கணக்கு வந்தது. நான் சொன்ன விடைக்கு ஐந்துக்கு ஒரே ஒரு மதிப்பெண். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேணாம்ப்பா, விட்டுடுங்க" என்று அவள் கெஞ்சியும் கேட்காமல், பெற்றோர் கூட்டத்தன்று பூந்தமல்லியில் இருந்த அவள் பள்ளிக்குப் போனேன். இயற்பியல் டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். மற்ற பெற்றோர் முன்னிலையிலேயே, "உங்களுக்கே தெரியலைன்னா பிள்ளைங்களுக்கு என்ன சொல்லித் தருவீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் நிதானமாக, "வாங்க சார், லேப்ல பாத்துடலாம்" என்றார். மகளும் தலைகுனிந்தபடி கூடவே வந்தாள்.

லேப் உதவியாளர் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். "சார், கொஞ்சம் நவுந்துக்கோ, ஜன்னலாண்ட நின்னுகினு கீற" என்று என்னை நகர்த்திவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

ஒரு லென்ஸோடு, முப்பதில் வைத்த திரையில் சுடர் இரு மடங்கு பெரிதாகத் தலைகீழாக விழுந்தது. டீச்சர் இருபதில் இரண்டாவது லென்ஸை வைத்ததும் அது கலங்கிப்போனது. திரையை மெல்ல லென்ஸை நோக்கி நகர்த்தினார். இரண்டாவது லென்ஸுக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால், அசல் சுடரின் அளவிலேயே பளிச்சென்று ஒரு பிம்பம்.

"வெளிச்சம் முப்பதுல போய்ச் சேர்றதுக்குள்ள, இந்த லென்ஸ் நடுவுல வந்து இன்னும் மடக்கிடுது சார். நிறைய பேர் இங்க மைனஸ் போட்டுடுவாங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்போது அவர் மகளின் விடைத்தாளைப் பிரித்துக் காட்டினார். "இவ முதல்ல சரியாத்தான் போட்டிருந்தா. அப்புறம் அடிச்சிட்டா. அடிச்சதுக்கு எப்படி சார் மார்க் போடறது?"

அழகான கையெழுத்தில் ஐந்து சென்டிமீட்டர். அதன் குறுக்கே ஒரு கோடு. கீழே, நான் சொன்ன வழி.

"ஏம்மா அடிச்ச?"

"நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்களேப்பா."

வகுப்பறைக்குத் திரும்பிப் போய், நான் கத்தியதைக் கேட்ட அத்தனை பேர் முன்னாலும் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகளிடம் கேட்கத்தான் வீடு போய்ச் சேரும்வரை வாய் வரவில்லை.

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்; அந்தத் தேர்வை மறந்தே போயிருப்பாள். எனக்குக் கணக்கு தப்பானது பெரிய விஷயமில்லை. தனக்குத் தெரிந்த சரியான விடையை ஒரு பெண் தன் கையாலேயே அடிக்கும்படி வளர்த்திருந்தேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.