ஃபயர்மேன் வீட்டு மஞ்சள் நெருப்பு

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தோம்.

இதெல்லாம் ஒரு சேதியா என்கிறீர்களா? எங்கள் வீட்டில் சேதிதான். அந்த ஜன்னல் ஆடி மாதத்தில் மூடியது. மூடியது என்றால் சும்மா தாழ்ப்பாள் போட்டதில்லை. இடுக்கில் எல்லாம் சாக்கைத் திணித்து, மேலே தார்ப்பாயை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து... கடல்காற்று ஒரு நூல்கூட உள்ளே வரக்கூடாது என்று எங்கள் வீட்டுக்காரர் செய்த வேலை. அவர் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடமாட்டார். எனக்கு அதில் பெருமையும் உண்டு. தொல்லையும் அதே அளவுக்கு உண்டு.

எங்கள் சதுரங்கப்பட்டினத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. கோட்டைச் சுவரையே அரித்துத் தின்கிற காற்று. வடித்த சோற்றை மூடுவதற்குள் மணல் வந்து உட்காரும். அந்தக் காற்றில் அடுப்பு நின்று எரியுமா? பத்த வைக்கப் பத்த வைக்க அணையும். அதற்குத்தான் ஆணி.

எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தவர். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் – தீயை அணைக்கிறவர் இல்லை, வளர்க்கிறவர். நீராவி இன்ஜினில் நின்றுகொண்டு கரி அள்ளிப் போடுகிற வேலை. செங்கல்பட்டு இன்ஜின் ஷெட்டில் அவர் பேரைச் சொன்னால் இன்றைக்கும் டீ வாங்கித் தருவார்கள்.

ரிடையர் ஆகி சொந்த ஊருக்கு வந்தோமா... வந்ததிலிருந்து மனிதர் பாதியாகிப் போனார். விடியுமுன் எழுந்துகொள்வார். எழுந்து என்ன செய்வது? இன்ஜினா நிற்கிறது வாசலில்? சும்மா உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கையைப் பார்க்க என்னால்தான் முடியாது.

அப்போதுதான் காஸ் அடுப்பு வந்தது. எங்கள் மருமகன் எப்போதோ பதிவு செய்து வைத்தது. வருமா வராதா என்று நாங்கள் மறந்தே போனபிறகு வந்தது. மாட்டிக் கொடுத்த ஆள் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். "தீ நீலமா எரியணும்மா. ஜன்னலத் தெறந்து வைங்க. டியூப்ப அப்பப்ப பாத்துக்கோங்க."

அவன் தெருமுனை திரும்பவில்லை, எங்கள் வீட்டுக்காரர் அடுப்புக்கு முன்னால் குனிந்துவிட்டார்.

"இன்னாமே இது, நீலமா கீது? உசுரே இல்ல. நெருப்புன்னா கண்ணு கூச வேணாமா?"

அடுப்புக்கு அடியில், பர்னருக்குப் போகிற குழாயின் கழுத்தில், ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் காஸோடு சேருகிற காற்று கூடும், குறையும். எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கா சொல்லித்தர வேண்டும்? திருப்பினார். காற்று குறைந்தது. தீ மஞ்சளாகி, நீளமாகி, பாம்பு மாதிரி ஆடியது.

"இத்தான்மே நெருப்பு," என்றார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். அந்த மஞ்சள் நெருப்பின் வெளிச்சம் என்று நீங்கள் சொல்லலாம்... நான் அப்படி நினைக்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் அடுப்புப் பற்ற வைப்பது அவர் டியூட்டி. ஆடிக்காற்று வந்து அதை அணைத்தபோதுதான் ஜன்னலுக்கு ஆணி அடித்தார். பற்ற வைத்துவிட்டு, "வண்டி ரெடி" என்று குரல் கொடுப்பார். நான் அரிசியோடு போவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் சமையலறைக்குள் வந்து நின்றதே இல்லை. இப்போது நிற்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார். இதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

ஆனால் பாத்திரம் கருத்தது.

என் வீட்டுப் பாத்திரத்தில் நீங்கள் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். விறகு எரித்த காலத்திலேயே அப்படி. காஸ் வந்தால் கரியே பிடிக்காது என்றார்கள். எனக்கோ ரசச் சட்டியின் அடி மை மாதிரி. தேய்த்துத் தேய்த்து விரல் போனது. அதோடு ஒரு தலைவலி. சோறு வடிக்கும்போது நெற்றியில் வந்து உட்காரும். தோட்டத்துக்குப் போய்த் துணி உலர்த்தினால் எழுந்து போய்விடும். பித்தம் என்று சுக்குக் கஷாயம் போட்டேன். எங்கே போட்டேன்? அதே அடுப்பில், அதே ஆணி அடித்த ஜன்னலுக்குக் கீழே.

அடுத்த வீட்டு ஜைத்தூன் ஒருநாள் மீன் குழம்பு கொண்டு வந்தாள். வாசப்படியில் வைத்த காலை அப்படியே எடுத்தாள்.

"இன்னாக்கா இது, வூடா, இன்ஜின் ஷெட்டா? மூச்சு வுட முடியல."

கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். "கேட்டியாமே? இன்ஜின் ஷெட்டாம்."

ஜைத்தூன் என் காதில் சொன்னாள். "நா திட்டினேன்கா. அண்ணாத்த சிரிச்சிகினு கீறாரு."

"அவருக்கு அது பட்டம்டி."

"பட்டம் இருக்கட்டும். உன் மூஞ்சி ஏன் வெளுத்துக் கீது?"

அன்று சாப்பாட்டுக்கு உட்காரும்போது ரசச் சட்டியைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதப் பாருங்க. காஸுக்கு ஏன் கரி புடிக்கிது?"

"வேல செய்யற அடுப்பு அழுக்காவத்தான் செய்யும். நா டியூட்டி முடிச்சி வரும்போது என் சட்ட எப்பிடி இருந்துச்சி? தொவச்சவ தானே நீ?"

"கம்பெனி ஆளக் கூப்ட்டு ஒரு தபா காட்டலாமே."

அவ்வளவுதான் சொன்னேன். "முப்பது வருசம் நெருப்ப மேச்சவன் வூட்ல, நெருப்பு பாக்க இன்னொருத்தன் வரணுமா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். இரண்டாம் முறை ரசம் கேட்கவில்லை. என் ரசத்தை இரண்டாம் முறை கேட்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. நான் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இப்படியே போயிருக்கும். என் மகள் மல்லிகாவுக்குப் பிள்ளை பிறந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, எங்கள் மருமகன் மூக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். வெளியே அடைமழை. கடல் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் ஓடு பறக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்பது நம் வழக்கம். அறையை மூடி, ஒரு சட்டியில் தணல் போட்டு மூலையில் வைப்போம். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான்.

எங்கள் வீட்டுக்காரர் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தூளி கட்டினார். அந்த அறை ஜன்னலுக்கும் சாக்கு எடுத்து வைத்தார். அப்புறம் சமையலறைக்கு வந்து அடுப்பைத் தட்டிக் கொடுத்தார்.

"தணலு வெச்சா பொகமே. கொழந்த இருமும். இத்துல பொகையே கீதா? அடுப்பத் தூக்கி ரூமுக்குள்ள வெச்சி, சின்னதா எரிய வுட்டு, கதவ சாத்திட்டா... கதகதன்னு இருக்கும். என் பேத்தி இன்ஜின்ல குந்திகினு போற மாதிரி தூங்கும்."



இந்த மனிதரிடம் என்ன சொல்வது? ஆசையில் சொல்கிறார். அந்தக் குழந்தைக்குத் தன்னிடம் இருக்கிற ஒரே சொத்தை, தன் நெருப்பை, கொடுக்கப் பார்க்கிறார். கூடாது என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொல்ல நான் என்ன படித்தவளா? எனக்குத் தெரிந்தது என் தலைவலி மட்டும்தான். மல்லிகா மறுநாள் வருகிறாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன். சில ஆண்களிடம் எதையும் சொல்ல முடியாது. ஆனால் கேட்கலாம். சொன்னால் காது அடைத்துக்கொள்ளும்... கேட்டால் வாய் திறந்துகொள்ளும். உங்கள் வீட்டில் எப்படி?

மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, பேப்பரும் பென்சிலுமாக அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இந்த வாரம் எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்க குகைக் கதையச் சொல்லுங்களேன்."

அந்தக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலைப்பாதையில் ஓடினாராம். மலையைக் குடைந்து வழி. அதற்குள்ளே ஒருநாள் வண்டி நின்றுவிட்டது. பத்திரிகையில் வரப்போகிறது என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதிக்க. நல்ல மழ. தண்டவாளம் வழுக்குது. குகைக்குள்ள பாதி தூரம் போயி வண்டி நின்னுபோச்சி. சக்கரம் சுத்துது, வண்டி நகரல."

"மெதுவா. என் கை மெதுவாத்தான் போவும்... ம். பயமா இல்ல?"

"பொகைக்கு யாரு பயப்படுவா? ஈரத்துண்ட மூஞ்சில கட்டிகினேன். கரி போட்டுகினே கீறேன்."

"மூச்சு முட்டிச்சா?"

"முட்டினா தேவலயே." அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "முட்டினா மனுசன் எழுந்து ஓடுவான். அது முட்டாதுமே. அதான் மோசம். மொதல்ல நெத்தில ஒரு வலி வரும். அப்பறம் சொகமா தூக்கம் வரும். எனக்கு அந்தக் கரி மேலயே தலய வெச்சிப் படுக்கலாம்னு தோணிச்சி. டிரைவரு நைனா கன்னத்துல ஒண்ணு வுட்டாரு. தூங்கினா செத்தடான்னாரு. வண்டியப் பின்னால தள்ளிகினு வெளிய வந்தப்பறம்தான் கண்ணே தெரிஞ்சிது."

"நெத்தில எங்க வலி?"

"இங்க." தொட்டுக் காட்டினார்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் அதே இடத்தைத் தொட்டேன். "எனக்கும் இங்கதாங்க. சோறு வடிக்கிறப்ப. தோட்டத்துக்குப் போனா போயிடுது."

அவர் விரல் அவர் நெற்றியிலேயே நின்றது.

"வெளிக்காத்து வர வழியில்லாமதானே அங்க அப்பிடி ஆச்சி?" என்று கேட்டேன். "அப்பிடின்னு எழுதிக்கட்டுமா?"

அவர் மல்லிகாவின் அறைப் பக்கம் திரும்பினார். கதவு திறந்திருந்தது. அவர் கட்டின தூளி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொகமா தூங்கும்னு..." என்று ஆரம்பித்தார். 

எழுந்து போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு சத்தம். மரத்திலிருந்து ஆணி பிடுங்குகிற சத்தம். நாதஸ்வரம்கூட எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் நிமிரவில்லை. சிலிண்டரை மூடிவிட்டு பர்னரைக் கழற்றினார். உள்ளே ஒரு சிலந்திக்கூடு. அதைத் தட்டி எடுத்து, ஓட்டை ஓட்டையாக ஊசி விட்டுக் குத்தி, புளி போட்டுத் தேய்த்துக் காய வைத்தார். டியூப்பை வளைத்து வளைத்து வெடிப்பு பார்த்தார். சோப்பு நுரையைத் தடவி எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்த்தார். குழாய்க் கழுத்து வளையத்தை முதலில் இருந்த இடத்துக்கே திருப்பினார்.

காற்றுக்கு என்ன செய்வது? பழைய பிஸ்கட் டின்னைப் பிரித்து, தகடாக்கி, ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நிறுத்தினார். காற்று தகட்டில் மோதி மேலே போனது. அடுப்பு அசையாமல் எரிந்தது. நீலமாக.

ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அடங்கி எரியுதுமே," என்றார். "வேல தெரிஞ்ச நெருப்பு."

மறுநாள் ஜைத்தூன் வந்து ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நெருப்புக்குக் காத்து வேணாமா? ஜன்னல மூடி வெச்சிகினு சமையல் பண்ணா தலவலி வராம இன்னா பண்ணும்? இத்த நம்ம பொம்பளைங்களுக்கு எத்தினி தபா சொல்றது?"

நான்! ஜன்னலை மூடியது நானாம்!

ஜைத்தூன் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன். போகட்டும். ஆணியைப் பிடுங்கின கைக்கு இந்தச் சலுகைகூடக் கொடுக்கக்கூடாதா?

அதைவிட அதிசயம், காஸ் ஆபீசுக்கு அவரே போய், ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "ஷெட்லயும் அப்பிடித்தான். ஒருத்தன் பாத்த வேலய இன்னொருத்தன் வந்து பாக்கணும். அதுல கவுரவக் கொறச்சல் ஒண்ணும் இல்ல." வந்தவன் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, டியூப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். இவர் தலையாட்டினார். இரண்டு பெரிய உத்தியோகஸ்தர்கள் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது.

மல்லிகா வந்துவிட்டாள். அந்த அறையில் அடுப்பும் இல்லை, தணலும் இல்லை. மேல் ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கிறது. குழந்தைக்கு வெந்நீர் சமையலறையில் காய்ந்து, கை மாறிப் போகிறது. குளிருக்கு? ரயில்வேயில் அவருக்குக் கொடுத்த கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். நான் எத்தனை தடவை துவைத்தும் அதில் கரி வாசனை போகவில்லை. அதில் சுற்றியதும் குழந்தை தும்மியது.

"பாத்தியா," என்றார். "விசில் குடுக்குது."

தினமும் ஒரு தடவை கேட்கிறார். "என் குகைக் கதைய எழுதிட்டியாமே? முழுசா எழுதினியா?"

எழுதிட்டேங்க, முழுசாகவே எழுதிவிட்டேன். நீங்கள் நின்ற குகையும் இருக்கிறது, ஆணி அடித்துக் கட்டின குகையும் இருக்கிறது.